சொன்னவரே உட்கார வேண்டும்

புதுப் பெயின்ட் அடித்த எதைக் கண்டாலும் அவளுக்கு ஆகாது. கதவோ கேட்டோ எதுவானாலும் "எதை மறைக்க இவ்ளோ பூசியிருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தே அப்படிக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவள். தொழில் புத்தி அப்படி.

பழைய டிராக்டர்களில் மாட்டியிருக்கும் லோடர்களைச் சோதித்துச் சீட்டுக் கட்டுவது அவள் வேலை. லோடர் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகள், அவற்றைத் தூக்கி இறக்கும் எண்ணெய்க் குழாய்கள், கைகளின் நுனியில் மண் அள்ள ஒரு பக்கெட் அல்லது வைக்கோல் கட்டைக் குத்தித் தூக்க நீளக் கம்பிகள். இவ்வளவுதான். இதற்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று செய்தவர்கள் ஒரு தகட்டில் பொறித்து ஒட்டியிருப்பார்கள். பழைய வண்டிகளில் முதலில் காணாமல் போவது அந்தத் தகடுதான். வாங்கியவனின் பேராசைக்கு இடைஞ்சலாக இருப்பது எது நிலைத்திருக்கிறது?

சோதனையில் தேறிய லோடருக்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்புச் சீட்டு. இவள் பையிலிருந்து அதிகம் வெளியே வருவது சிவப்புதான் என்பதால் டிரைவர்கள் இவளுக்கு வைத்த பெயர் சிவப்பக்கா. முதலாளிகள் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுத முடியாது.

பிறவியிலேயே ஸ்பானரோடு பிறந்தவள் இல்லை அவள். ஒரு காலத்தில் கடைத்தெருவில், மாடிப்படிக்கு அடியில் இருந்த தையல் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, இவள், தம்பி என்று மூன்று பேர். தம்பி எலும்பும் தோலுமாக இருப்பான், நடக்கிறானா தத்துகிறானா என்று தெரியாது. அதனால் வீட்டிலும் வெளியிலும் அவன் சிட்டு. நடைதான் தத்தல். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அப்படி ஒரு நிதானம். தண்ணீர் நிரம்பிய டம்ளரைப் பானெட்டின்மேல் வைத்துவிட்டு லோடரை ஏற்றி இறக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அக்காவிடம் காட்டியவன். அக்காவுக்கு அப்போது அதன் அருமை தெரியவில்லை. "குடிக்கிற தண்ணியில தூசி விழுது, எடுடா" என்று திட்டினாள்.

சிட்டு வேலை பார்த்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு தீவனக் கிடங்கில். கிடங்கின் முதலாளியை எல்லாரும் பெரியகை என்பார்கள். கொடுக்கிற கை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். எல்லா இடத்திலும் அவர் கை இருக்கும், அதனால் பெரியகை. ஆள் பேச்சில் தேன் ஒழுகும். சொந்த வீட்டு ஆட்களை அழைப்பதுபோல எல்லாரையும் 'அம்மா', 'தம்பி', 'தங்கச்சி' என்பார். சம்பள நாளில் மட்டும் உறவு விட்டுப்போகும்.

அந்தக் கிடங்கு வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. லோடரின் சக்தியை யாரும் கிலோவில் சொல்ல மாட்டார்கள், கட்டுக் கணக்கில்தான் சொல்வார்கள். 'இது ஒரு கட்டு வண்டி, அது ரெண்டு கட்டு வண்டி' என்று பேச்சு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ந்த கட்டும் கட்டுதான், மழையில் ஊறிய கட்டும் கட்டுதான். ஊறினால் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வாய் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும். இரும்பு அப்படி ஏமாறாது.

பெரியகையின் பழைய சிவப்பு டிராக்டர் ஒரு கட்டு வண்டி. ஒரு மழைக்காலத்தில் வேலை குவிந்துகிடந்தபோது, அதை இரண்டு கட்டு வண்டியாக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெயின் அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்து விட்டுவிட ஒரு வால்வு இருக்கும். "இதுக்கு மேலே என்னால முடியாது" என்று லோடர் சொல்கிற இடம் அது. அதன் தலையில் ஒரு திருகு. அந்தத் திருகை இறுக்கினால் லோடரின் வாய் அடைபடும், முடியாத பாரத்தையும் முக்கி முனகித் தூக்கும். பெரியகை தன் கையாலேயே இறுக்கினார்.

அன்று மாலை சிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவிக்கொண்டே அக்காவிடம் சொன்னான். "அக்கா, பெரியகை வால்வைத் திருகிட்டாருக்கா. இப்போ ரெண்டு கட்டு தூக்குது. ஆனா கை முனகுது."

"யார் கைடா?"

"லோடர் கைக்கா. வலது பக்கம். மாடு வலியில முனகுமே, அப்படி."

"நாளைக்கு அவர்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். புடிக்கலைன்னா வேற எடம் பாத்துக்கோங்கறாரு."

மறுநாள் மத்தியானம் இரண்டு ஈரக் கட்டுகளோடு லோடர் உச்சிக்குப் போனபோது வலது கையின் வெல்டிங் விட்டது. கட்டுகள் ஒரு பக்கம் சரிந்தன, டிராக்டரும் கூடவே சரிந்தது. சிட்டு அதற்கு அடியில் இருந்தான்.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் பெரியகை லோடரின் கையை ஒட்டவைத்து, மேலே பட்டை போட்டு, வண்டி முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். மறைக்கத்தான் ஆள் இருந்தது, பார்க்க ஆள் இல்லை. "பையன் அவசரக்குடுக்கை சார், பாரத்தை மேலே வச்சிக்கிட்டே சடார்னு திருப்பினான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கிடங்கில் நின்ற டிரைவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

இவள் ஓடிப்போய் விசாரணை அதிகாரியிடம் வால்வைப் பற்றிச் சொன்னாள். அவர் கெட்டவரில்லை, களைத்துப்போனவர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "வால்வுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியாது. கழுத்தில் அளவு நாடா தொங்க, விரலில் ஊசிக் காயத்தோடு நின்றாள். அந்தக் கேள்வியை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

இதோடு விட்டிருந்தாலும் அவள் ஒருவேளை அழுது ஓய்ந்திருப்பாள். ஆனால் பெரியகைக்குப் பொய் சொன்னால் மட்டும் போதவில்லை. அதை ஊருக்கே பாடமாக்கினார். புதிதாக வந்த டிரைவர் யாராவது லோடரைக் கொஞ்சம் வேகமாகத் தூக்கிவிட்டால் போதும், "டேய், சிட்டுத் தூக்கு தூக்காதே, போய்ச் சேர்ந்துடுவே" என்பார். சொல் நன்றாக இருந்தது. டிரைவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கிடங்கிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து டீக்கடைக்கும் அது பரவியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தம்பியைப் பார்த்தே இராதவர்களெல்லாம் அவன் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஒருநாள் அம்மா கடைக்குப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்தாள். வாசலில் யாரோ இருவர் சிட்டுத் தூக்கு என்று பேசிச் சிரித்ததைக் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டாள். "உன் தம்பி" என்பாள், "அவன்" என்பாள். சிட்டு என்று மட்டும் வராது. பிள்ளையின் பெயர் வெளியே எச்சில்பட்டுவிட்டது என்று அவளுக்கு எண்ணம்.

அழுகிற ஜாதி இல்லை அம்மா. "பாம்பை அடிச்சா செத்துடணும். அடிபட்ட பாம்பா விட்டா அது நம்மளத்தான் தேடி வரும். நல்லா யோசிச்சு அடி" என்று மகளிடம் சொன்னாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரியை, "பூமி எனக்கெதுக்கு? நீயே ஆண்டுக்கோ" என்று திருப்பி அனுப்பினாள்.

மகள் தையல் மெஷினை விற்றாள். தொழிற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரத்திலேயே பயிற்றுநர் லோடரை வெடுக்கென்று தூக்கிக் காட்டி, "இப்படி ஏத்தினா அதுக்குப் பேரு சிட்டுத் தூக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. இவள் நோட்டில் வால்வின் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு மறுபடி வரைந்தாள்.

வேலை அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. துணியில் எந்த இடத்தில் இழுப்பு அதிகமோ அங்கேதான் தையல் விடும். இரும்பிலும் அதுவே. அக்குள் எங்கே, முழங்கை எங்கே என்று பார்த்து விரலை வைத்தால் விரிசல் அங்கே இருக்கும். தேர்வுகள் எழுதி, சோதனை அலுவலகத்தில் சேர்ந்து, படியேறி, கடைசியில் இந்த வட்டாரத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெரியகை அவளைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். சோதனைக்கு அவள் வரும்போதெல்லாம் புது வண்டிகளை வரிசையாக நிறுத்துவார். பழைய சிவப்பு டிராக்டர் மட்டும் கண்ணில் படாது. "அதை எடைக்குப் போட்டாச்சு தங்கச்சி" என்பார். அவள் திரும்பிய மறுநாளே அது கொட்டகையிலிருந்து வெளியே வந்து ஓடும் என்பது அவளுக்கும் தெரியும். தங்கச்சி என்கிற சொல் அவர் வாயிலிருந்து வரும்போது அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அக்கா என்று கூப்பிட ஒருவன் இருந்தான், அவனைத்தான் இவர் விழுங்கிவிட்டாரே.

வீட்டில் அம்மா தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "கிடைச்சானா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி, சாப்பிடு. தெம்பு வேணும்."

கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தது அவருடைய ஆசையேதான். பெரிய மண்டியில் தீவனம் ஏற்றும் ஒப்பந்தம் ஒன்று வந்தது. சீட்டு இல்லாத எந்த லோடரும் வாசலுக்குள் வரக்கூடாது என்று மண்டிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். புது வண்டிகள் இரண்டும் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன. பழைய சிவப்பு டிராக்டரை விட்டால் வழியில்லை. வேறு சோதனையாளரை அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். இந்த வட்டாரத்துக்கு அவள்தான் என்று பதில் வந்தது. பிறகு அவரே போன் பண்ணினார்.

"தங்கச்சி, நம்ம பழைய வண்டி ஒண்ணு இருக்கு. வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போயேன்."

"எடைக்குப் போட்டாச்சுன்னீங்களே?"

"மனசு கேக்கலைம்மா. ராசியான வண்டி."

ராசியான வண்டி! போனை வைத்ததும் பையில் சிவப்புச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

சோதனைக்கு ஒரு முறை உண்டு. முதலில் கண்: விரிசல், வளைவு, மூட்டுகளைப் பிணைக்கும் பின்கள். அடுத்து எண்ணெய்: குழாய், வால்வு, அழுத்தம். இவை இரண்டும் தேறினால்தான் பாரம். கண்ணிலேயே தோற்ற வண்டியில் பாரம் ஏற்றுவது குற்றம். இந்த முறையை மீறியதாக அவளைப் பற்றி அதுவரை ஒரு சொல் கிடையாது. தகடு தொலைந்த பழைய லோடர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. எவ்வளவு தூக்கும் என்று முதலாளியே சாட்சிகள் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு சொன்னாரோ அவ்வளவையும் ஏற்றி, உச்சிக்குத் தூக்கி நிறுத்திக் காட்ட வேண்டும். வண்டியில் சொன்னவரே உட்கார வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, முதலாளிமார்களை நன்றாக அறிந்தவன். அடுத்தவன் தலைக்கு மேல் என்றால் யானையைத் தூக்கும் என்பார்கள். தன் தலைக்கு மேல் என்றதும் பூனைக்கு இறங்கி வருவார்கள்.

அன்று காலை அவள் கிடங்குக்குள் நுழைந்தபோது டிராக்டர் நடு முற்றத்தில் பளபளவென்று நின்றது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. டிரைவர்களும் கூலியாட்களும் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர் தலை நரைத்த மூத்த டிரைவர். சிட்டு விழுந்த அன்று பக்கத்து வண்டியில் இருந்தவர் அவர்தான். இவளைக் கண்டதும் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்.

அவள் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றினாள். வலது கையின் அக்குளில் பெயின்டுக்கு அடியில் பட்டையின் விளிம்பு தடித்திருந்தது. அதன் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. வால்வின் திருகு இன்னும் அடிவரை இறுகிக் கிடந்தது. ஆள் செத்த பிறகும் அதைத் தளர்த்த அவருக்கு மனம் வரவில்லை! முன்பாரத்துக்கு ஈடாகப் பின்பக்கத்தில் மாட்ட வேண்டிய எதிர்ப்பாரமும் இல்லை. பையில் சிவப்புச் சீட்டு இருந்தது. எடுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். விதி சொன்னதும் அதைத்தான்.

அவள் சீட்டை எடுக்கவில்லை. பையை மூடினாள். நியாயம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் அவளைக் குறை சொல்லலாம், சொல்லட்டும். வெறும் சிவப்புச் சீட்டு என்றால் பெரியகை அதையும் ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டுப் போவார். பழைய பகையில சிவப்பு கட்டிட்டா என்பார். அவளுக்கு வேண்டியது சீட்டு இல்லை.

"தகடு இல்ல. எவ்வளவு தூக்கும்னு எல்லார் முன்னாடியும் நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

பெரியகை சிரித்தார். "இதென்ன கேள்வி தங்கச்சி? ரெண்டு கட்டு வண்டின்னு ஊருக்கே தெரியும்."

"காஞ்ச கட்டா, நனைஞ்ச கட்டா?"

கொஞ்சம் தயங்கினார். டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எதுவா இருந்தா என்ன? நம்ம வண்டி எதுக்கும் சளைச்சது இல்ல."

"அப்போ நனைஞ்ச கட்டு." வேலியோரம் மழையில் ஊறிக் கிடந்த வரிசையைக் காட்டினாள். "அதுல ரெண்டு. உச்சிக்குத் தூக்கி நிறுத்தணும். சொன்னவரே உக்காரணும்."

"நானா? ஓட்டத்தான் ஆளுங்க இருக்காங்களே."

"ஆளுங்க சொல்லலியே. நீங்கதானே சொன்னீங்க. விதி அதுதான்." பிறகு, இத்தனை காலம் பல்லுக்கடியில் வைத்திருந்ததை மெதுவாக எடுத்துப் போட்டாள். "பயமா இருந்தா சொல்லிடுங்க. ஒரு கட்டுன்னு மாத்திக்கலாம். ஒண்ணும் தப்பில்ல."

எங்கே அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்து அடித்த அடி அது. பெரியகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவள் கயிறு கட்டி மற்ற எல்லாரையும் அதற்கு அப்பால் தள்ளி நிறுத்தினாள். அந்தப் பக்கம் டிராக்டரும் அவரும் மட்டும்தான்.

இன்ஜின் உறுமியது. கம்பிகள் கட்டுகளில் இறங்கின. ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு கட்டுகளும் தரையை விட்டு எழுந்தன. முழங்கால், இடுப்பு, மார்பு. அப்போது அந்தச் சத்தம் வந்தது.

வலது கை முனகியது.

கை கழுவிக்கொண்டே அவன் சொன்னானே, அதே முனகல்தான். மாடு வலியில் முனகுவது போல.

"மேலே" என்றாள்.

லோடர் அவர் தலை உயரத்துக்குப் போய் நின்றது. டிராக்டரின் பின்சக்கரங்கள் லேசாகத் துள்ளின. பெரியகை லீவரிலிருந்து கையை எடுக்கவுமில்லை, அசைக்கவுமில்லை. அவர் பார்வை கட்டுகளின்மேல் இல்லை. வலது கையின் அக்குளிலேயே குத்திட்டு நின்றது.

"இன்னும் மேலே போகணும். உச்சிக்கு."

"போதும் தங்கச்சி."

"போதாதே."

"எறக்கிடறேன்."

"எறக்கறதுன்னா பாத்து எறக்கணும். சட்டுன்னு விட்டு சட்டுன்னு நிறுத்தினா பாரம் ரெண்டு மடங்கா அடிக்கும். அது தெரியுமில்ல?"

தெரியும் என்பது அவர் நெற்றியிலேயே தெரிந்தது. வேர்வை புருவத்தில் இறங்கியது. ஒரு காலை எடுத்துப் படியில் வைக்கப் பார்த்தார்.

"குதிக்காதீங்க" என்றாள் அவள். "பின்னாடி எதிர்ப்பாரம் மாட்டல. இப்போ பின்பாரமே நீங்கதான். நீங்க எறங்கினா வண்டி கவுந்துடும்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியகைக்கு ஏற்றவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. ஊருக்கே வழி சொல்கிறவர் இருக்கையில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார். அவள் நின்று பார்த்தாள். ஆற அமரப் பார்த்தாள். இப்படி ஒரு காட்சியைக் காணத்தானே தையல் மெஷினை விற்றாள்?

"ஏன் மேலே தூக்க மாட்டேங்கறீங்க? ரெண்டு கட்டு வண்டிதானே?"

"தாங்காதும்மா."

"எது தாங்காது?"

"கை. வலது கை."

"பாத்தா புதுசு மாதிரி இருக்கு. தாங்காதுன்னு எப்படித் தெரியும்?"

கை மறுபடியும் முனகியது. அதோடு அவருடைய தேன் பேச்செல்லாம் தீர்ந்துபோயிற்று. "முன்னாடி ஒரு தடவை விட்டிருக்கும்மா! ஒட்டவச்சது! எறக்க விடும்மா!"

"எப்போ விட்டுது? யார் உக்காந்திருந்தப்போ?"

பதில் வந்தது வேறொரு வாயிலிருந்து. கயிற்றுக்குப் பக்கத்திலிருந்து மூத்த டிரைவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சிட்டு உக்காந்திருந்தப்போ. நான் பாத்தேன். அவன் வண்டியைத் திருப்பவே இல்ல. நேரா நின்னு தூக்கிட்டிருந்தான். வெல்டிங் விட்டுதுதான்."

"வால்வு?" என்று அவள் பெரியகையைக் கேட்டாள். "திருகினது யாரு?"

"நான்தான்."

"கேக்கல. இன்ஜின் சத்தம்."

"நான்தாம்மா! நான்தான் திருகினேன்! போதுமா?"

கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த அத்தனை காதிலும் அது விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனால் என்ன என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்ச நேரத்தில் இரும்பே தன் தீர்ப்பைச் சொல்லிவிடும், இவள் கையில் கறை படாது. ஆனால் செத்தவனைப் பார்த்து ஊர் அடுத்த நிமிஷமே ஐயோ பாவம் என்று சொல்லிவிடும். பெரியகைக்கு ஐயோ பாவம் கிடைப்பதா? அதை அவளால் தாங்க முடியாது. அவர் நன்றாக, நெடுநாள் இருக்க வேண்டும். காது கேட்கிற ஆளாக இருக்க வேண்டும்.

கயிற்றைத் தாண்டி இருக்கைக்குப் பக்கமாகப் போய் நின்றாள். "லீவரைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. நூலை இழுத்தா அறாம எப்படி இழுப்பீங்க, அந்த மாதிரி. கொஞ்சம்... கொஞ்சம்... நிறுத்தாதீங்க. இன்னும் கொஞ்சம்."

கட்டுகள் தரையைத் தொட்டன. பெரியகை இறங்கினார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகுதான் அவள் கண் சோதனையைத் தொடங்கினாள். அக்குளில் பெயின்டைச் சுரண்டி, விரிசலைக் காட்டும் சிவப்பு மருந்தை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தாள். விரிசலுக்குள் ஒளிந்திருந்த சிவப்பு வெள்ளைக்கு மேல் ஊறி வந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கோணல் கோடு. டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு அவள் கிளம்பினாள்.

சட்டம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பழைய வழக்கு, மூடியது மூடியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். மண்டி ஒப்பந்தம் போயிற்று, லோடரை அறுத்தெறிய உத்தரவு வந்தது, அவ்வளவுதான். இவளுக்குத்தான் அலுவலகத்தில் கண்டனம் வந்தது. கண் சோதனைக்கு முன்னால் பாரம் ஏற்றியது மன்னிக்க முடியாத தவறு, இனி ஒரு தடவை நடந்தால் வேலை போகும் என்று மேலதிகாரி உட்காரவைத்து வாசித்தார். நியாயமான கண்டனம்தான். கல்யாணச் செய்தி கேட்பவள் முகத்தோடு அதைக் கேட்டுக்கொண்டாள். மேலதிகாரிக்கு அது விளங்கவில்லை.

சட்டத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும். டிரைவர்களின் வாய்க்கு ஒரே வேலைதான். அன்று மாலையே டீக்கடையில், லோடரில் உட்கார்ந்த பெரியகையை மூத்த டிரைவர் நடித்துக் காட்டினாராம். சிரித்தவர்கள் டீயைச் சிந்தினார்களாம். அது கிடங்கிலிருந்து மண்டிக்குப் போயிற்று, மண்டியிலிருந்து பட்டறைக்கு. போன வழி பழைய வழியேதான்.

மழைக்காலம் திரும்பி வந்திருந்தது. ஒருநாள் அவள் உதிரிப்பாகக் கடையில் ரப்பர் வளையம் வாங்க நின்றாள். அவளுக்கு முன்னால் ஒருவர், அவருக்கும் முன்னால் ஒரு டிரைவர். டிரைவர் நீட்டிய கருகிய எண்ணெயைக் கடைக்காரர் விரலில் தொட்டுப் பார்த்தார். கடைக்காரர் ஊருக்குப் புதியவர், யாரையும் அறியாதவர்.

"என்னய்யா எண்ணெய் இப்படிக் கருகிக் கிடக்கு? வால்வுல பெரியகை பண்ணி வச்சிருக்கீங்களா?"

"நான் பண்ணல சார், முதலாளி பண்ணினது."

"உடனே தளர்த்திடுய்யா. பெரியகை பண்ணின வண்டியில உக்காராதே, அது ஆளைக் கொல்லும்."

நடுவில் நின்றவரின் கழுத்து அப்படியே விறைத்தது. அவர் மெதுவாகத் திரும்பினார். பெரியகைதான். பின்னால் நிற்பவளைப் பார்த்தார். இவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"என்ன வேணும் சார் உங்களுக்கு?" என்று கடைக்காரர் அவரைக் கேட்டார்.

அவர் ஒன்றும் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமல் மழையில் இறங்கிப் போனார். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு?"

மகள் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னன்னு சொன்னான் கடைக்காரன்? அப்படியே சொல்லு."

"வால்வுல பெரியகை பண்ணி வச்சிருக்கீங்களான்னு கேட்டாரு."

"அவன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு? அவசரப்படாம சொல்லு."

மகள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கழுத்து விறைத்தது, திரும்பியது, குடையை விட்டுவிட்டுப் போனது எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பிடித்த பாட்டைக் கேட்பவள்போலக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, கொஞ்சம் தயங்கி, "அந்த இன்னொரு பேச்சு? அது இருக்கா இன்னும்?" என்றாள்.

"இல்லம்மா. இப்போ யாரும் சொல்றதில்ல. நானும் காதை வச்சுக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அம்மா எழுந்து போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். பாத்திரத்தை ஏற்றினாள். முதுகு இந்தப் பக்கமாக இருந்தது. மகளிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், தனக்குள் சொல்வதுபோலவும் இல்லாமல், வாசலில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னாள்:

"என் சிட்டு எவ்ளோ நிதானமா ஓட்டுவான்! டம்ளர்ல தண்ணி வச்சா ஒரு சொட்டு சிந்தாது."